இப்போ தெரியுதா?

கடையைத் திறந்து, சட்டையில் எழுத்து ஒட்டும் மெஷினைச் சூடேற்றுவதற்குள் வாசலில் வந்து நின்றவன் அந்த நெட்டையன். அக்குளில் ஒரு பை, பைக்குள் சாம்பல் நிற வாலிபால் சட்டை. அதை மேசைமேல் விரித்துப் போட்டு, "அக்கா, முதுகுல நம்பர் ஒட்டணும். ஒன்பது" என்றான்.

அவள் சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் ஒரு ஒன்பது இருந்து போன தடம் அப்படியே இருந்தது. சூட்டில் ஒட்டிய எண்ணை உரித்து எடுத்துவிடலாம். அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் துணியில் அழுந்திக் கிடக்கும். உரித்தது வேறு யாருமில்லை, அவளேதான்.

"போன மாசம் நீதானே இதை உரிக்கச் சொன்னே? குடிகாரன் நம்பரைப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடக்க முடியலன்னு?"

நெட்டையன் தலையைச் சொறிந்தான். "அப்போ எல்லாரும் அப்படித்தானேக்கா சொன்னாங்க. இப்போ விஷயம் வெளிய வந்திருச்சு. அந்த ஸ்கூட்டர்காரன் லைட்டே இல்லாம வந்திருக்கான். கும்மிருட்டுல அப்படி வந்தா சுத்தியல் அண்ணன் மட்டும் என்ன பண்ணுவார், பாவம்?"

தடுப்புக்குப் பின்னால் எழுத்து உரித்துக்கொண்டிருந்த நாத்தனாரின் இடுக்கி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வெள்ளை ஃபிலிம் தீர்ந்துபோச்சு" என்றாள். "அப்புறம் வா."

எண் வெட்டுகிற வெள்ளை ஃபிலிம் முழுச் சுருளாக அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், சட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஸ்கூட்டர்காரன் அவள் புருஷன்.

தெருவில் அவனுக்கு மின்மினி என்று பெயர். சாலையில் வேலை செய்கிறவர்களின் மேல்சட்டையில் வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னும் பட்டை ஒட்டியிருப்பார்களே, அந்த ஃபிலிமும் இந்தக் கடையில் ஓடும். வெட்டியதில் மிச்சம் விழுவதை வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போடுவார்கள். மின்மினிக்கு மனசு வராது. ஸ்கூட்டரின் பின்பக்கம், ஹெல்மெட், குடை, சாப்பாட்டுப் பை, தங்கச்சியின் செருப்பு, பக்கத்துக் கடை நாயின் கழுத்துப்பட்டை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்த நாய் இருட்டில் ஓடினால் கழுத்து மட்டும் தனியாக ஓடுகிற மாதிரி இருக்கும். தன் மேல்கோட்டின் முதுகில் ஒரு சாண் அகலத்துக்குப் பெரிய பெருக்கல் குறியே ஒட்டிக்கொண்டிருந்தான். அதைப் போட்டுக்கொண்டு அவன் தெருவுக்குள் நுழைந்தால், "மின்மினி வந்தாச்சு, தெரு விளக்கை அணைச்சிடலாம்" என்று டீக்கடையில் கேலி பண்ணுவார்கள்.

எதையாவது ஒட்டி முடித்ததும் கடை விளக்கை அணைப்பான். போன் லைட்டைத் தன் கண்ணோரமாகப் பிடித்துக்கொண்டு, "இப்போ தெரியுதா?" என்பான், உலகத்திலேயே தான்தான் அதைக் கண்டுபிடித்தவன் என்பது போல. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. "தெரியுது, தெரியுது, முதல்ல லைட்டைப் போடு" என்பாள்.

சுத்தியல் என்பவன் வாலிபால் வீரன், ஒன்பதாம் எண். அவன் எகிறி அடித்தால் பந்து எதிர்ப்பக்கத் தரையில் ஆணி அறைந்த மாதிரி இறங்கும். கோப்பை ஜெயித்த விருந்தில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, வேண்டாம் என்று சாவியைப் பிடுங்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு, காரை எடுத்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மின்மினியைப் பின்னாலிருந்து இடித்தான். மின்மினி அங்கேயே போய்விட்டான். சுத்தியலை யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் முன்னால் அவன் வந்து நின்றது மறுநாள் மத்தியானம், குடித்ததெல்லாம் இறங்கிய பிறகு.

முதல் மாதம் ஊரே அவனைக் கரித்துக் கொட்டியது. அவன் படம் போட்ட தட்டிகளைக் கிழித்தார்கள். கடை வாசலில் ஒன்பதை உரிக்க வரிசை நின்றது. வீட்டில் உட்கார முடியாமல் அவள் அதற்குள் மறுபடி கடைக்கு வரத் தொடங்கியிருந்தாள். பொய் சொல்வானேன், ஒவ்வொரு எண்ணையும் பரபரவென்று உரிக்கும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. செத்தவன் இந்தக் கடைக்காரன் என்று எங்கெங்கிருந்தோ வந்து வரிசையில் நின்ற யாருக்கும் தெரியாது. பேப்பரில் அவனுக்குப் பெயரே போடவில்லை. ஸ்கூட்டரில் வந்த நபர், அவ்வளவுதான்.

அப்புறம் அணி வரிசையாகத் தோற்க ஆரம்பித்தது. ஊருக்குச் சுத்தியல் ஞாபகம் வந்தது. ஜாமீனில் வெளியே இருந்த அவன் அந்த நேரம் பார்த்து டிவியில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் வக்கீல். சுத்தியல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லைட் இல்லாம வந்தாருங்க. என் கண்ணுக்கு அவர் தெரியவே இல்ல" என்றான். கிளப்பின் புது மேனேஜர் இன்னொரு சேனலில், "அந்த இருட்டுல யாரா இருந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்று முட்டுக் கொடுத்தார். ஒரே வாரத்தில் ஊர் குட்டிக்கரணம் அடித்துவிட்டது. கோர்ட் தீர்ப்பு வரும்வரை ஆடலாம் என்று வாலிபால் சங்கமும் சொல்லிவிட்டது.

அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஸ்கூட்டர் பின்பக்கம் முழுக்க நசுங்கி, ஒரு மூலையில் தகர மூட்டையாகக் கிடந்தது. விளக்கு எரிந்ததா இல்லையா என்று அந்தத் தகரத்தைக் கேட்டால் அது என்ன சொல்லும்? ஆஸ்பத்திரியில் மேல்கோட்டைக் கத்தரித்து எடுத்து எங்கேயோ எறிந்துவிட்டார்கள்.

"சார், லைட்டே எரியலன்னு வெச்சாலும் அவர் முதுகு எரிஞ்சிருக்கும் சார். ஃபிலிம் ஒட்டியிருந்தார்."

இன்ஸ்பெக்டர் கெட்ட மனுஷன் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லித்தான் பேசினார். "அம்மா, ஸ்டிக்கரெல்லாம் லைட் ஆகுமா? எவ்வளவு தூரம் தெரியும் அது? அவங்க வக்கீல் ஒரே வார்த்தையில ஊதித் தள்ளிடுவான்."

"நெருப்பு மாதிரி தெரியும் சார்."

"நீங்க சொல்லுவீங்க. நீங்க சம்சாரம். அவங்க பக்கத்து ஆள் எவனாவது சொன்னா சரி."

அந்த வார்த்தையை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள். அவங்க பக்கத்து ஆள் எதற்குச் சொல்லப்போகிறான்?

நெட்டையன் வந்துபோன அன்று மத்தியானம், மேசை இழுப்பறைக்குள் மின்மினியின் போன் அடித்தது. அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். இழுப்பறையைத் திறப்பதற்குள் மணி நின்று, ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. நாத்தனார் தடுப்பைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே வணக்கம், கிளப் புது மேனேஜர் பேசுறேன். பழைய மேனேஜர் போன்ல பிரிண்டிங் அண்ணன்னு உங்க நம்பர் இருந்துச்சு. சுத்தியல் திரும்பி ஆடுற முதல் மேட்ச் வருது. ஒரு ஸ்டாண்ட் முழுக்க நம்ம ரசிகர்களுக்குச் சட்டை குடுக்கிறோம். முன்னால 'உன்னோடு நிற்கிறோம்'னு போட்டுருங்க. முதுகுல பெருசா ஒன்பது. வெறும் சட்டையை இன்னைக்கே அனுப்பிடுறேன். பாத்துப் பண்ணிக் குடுங்கண்ணே, நம்ம பையன்."

நாத்தனாரின் முகம் வெளுத்துப்போயிற்று. அவள் இவளைவிட நாலு வயது சின்னவள். கோபம் நாலு மடங்கு. "யாரைக் கொன்னானோ அவருக்கே போன் பண்ணிச் சட்டை கேக்கிறானுங்க அண்ணி! விசாரிக்கக்கூட இல்ல, யார் செத்தான்னு! வரட்டும் அந்தச் சட்டை. ஒண்ணு விடாம கத்திரியால கிழிச்சு அனுப்புறேன்."

அதைக் கேட்டு இவள் சிரித்துவிட்டாள். மின்மினி போன பிறகு வந்த முதல் சிரிப்பு. அது நல்ல சிரிப்பாக இல்லை.

"கிழிச்சா வேற கடைக்குப் போவாங்க. நம்மளைப் பைத்தியம்னு சொல்லுவாங்க. அவங்க சுத்தியலைத் தலையில வெச்சு ஆடட்டும், நாளைக்கே தூக்கிப் போட்டு மிதிக்கட்டும், எனக்கு அதுல ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவனுக்கு என்ன தண்டனைங்கிறதைக் கோர்ட் பாத்துக்கட்டும். ஆனா உங்கண்ணன் இருட்டுல வந்தார்னு சொன்னான் பாரு. வீட்டுல இருக்கிற குடைக்கெல்லாம் வெளிச்சம் ஒட்டின மனுஷனை! அதை மட்டும் நான் விட மாட்டேன்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"கேட்டதைப் பண்ணிக் குடுக்கப் போறேன். கூட ஒரு வரி."

மின்மினியின் போனை எடுத்து, சட்டையை அனுப்புங்க, செய்து தருகிறோம் என்று பதில் தட்டினாள்.

மின்மினி ஒட்டின அந்த ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே அதைத் திருப்பி அனுப்பும். லைட்டைத் தன் கண்ணோரம் பிடித்திருப்பவனுக்குத்தான் அது எரியும்; மற்ற நேரத்தில் வெறும் சாம்பல் நிறம். அணியின் சட்டையும் சாம்பல். அது மேல் இதை ஒட்டினால் கையால் தடவிப் பார்க்கிறவனுக்கு ஏதோ புடைத்திருப்பது தெரியும், நெய்த டிசைன் என்று நினைத்துக்கொள்வான்.

ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவர்களுக்கு எத்தனையோ வருஷமாகச் சட்டை அச்சடித்ததில் அவளுக்கு அது மனப்பாடம். ஆட்டம் தொடங்குமுன் ஹாலின் விளக்கை எல்லாம் அணைப்பார்கள். பார்க்க வந்தவர்கள் போன் லைட்டைப் போட்டுக்கொண்டு படம் பிடிப்பார்கள். சுத்தியலின் பெயரை அறிவித்ததும் அவன் ரசிகர்கள் மொத்தமாகத் திரும்பி நின்று ஹாலுக்கு முதுகைக் காட்டுவார்கள். ஒரு ஸ்டாண்ட் முழுக்க ஒன்பது ஒன்பதாக நிற்கும். அப்படி நிற்பதுதான் அவர்களுக்குப் பெருமை.

இரண்டு பேரும் ராப்பகலாக வேலை பார்த்தார்கள் என்று சொன்னால் அது கதைக்கு அழகாக இருக்கும். நிஜத்தில் சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். அவசரப்பட்டால் எழுத்து கோணும், இந்த வரி கோணக் கூடாது. நாத்தனார் வெட்டின ஃபிலிமில் வேண்டாத துண்டுகளை இடுக்கியால் உரித்து உரித்துப் போட்டாள். இவள் வெள்ளை ஒன்பதை ஒட்டி, அதற்குக் கீழே சாம்பல் வரியை வைத்து மெஷினை அழுத்தினாள். ஒவ்வொரு தடவை மெஷினின் வாய் திறந்து சூடு முகத்தில் அடிக்கும்போதும் வாய்விட்டுச் சொன்னாள்: "தெரியல, ம்? தெரியவே இல்ல, ம்?"

முதல் சட்டை ஆறினதும் நாத்தனார் கடை விளக்கை அணைத்தாள். போன் லைட்டைக் கண்ணோரம் பிடித்தவள், அப்படியே நின்றுவிட்டாள். கேட்க வேண்டிய கேள்வி சட்டையின் முதுகிலேயே எரிந்துகொண்டிருந்தது. அதைக் கேட்கும் குரல்தான் இல்லை. இருவரும் அந்த இருட்டில் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்புறம் இவள்தான், "போதும், லைட்டைப் போடு" என்றாள்.

மூட்டைகளை எடுக்க மேனேஜரே வந்தார். அவசரக்காரர். மேலாக ஒரு சட்டையை இழுத்து முன்பக்கத்தைப் பார்த்தார், திருப்பி ஒன்பதைப் பார்த்தார், மடித்து வைத்துவிட்டார்.

"சூப்பர்க்கா. அண்ணன் இல்லையா?"

"இல்ல."

"வந்தா நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க."

தடுப்புக்குப் பின்னால் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆட்டத்தன்று இரண்டு பேரும் எதிர் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தார்கள். ஹால் நிரம்பி வழிந்தது. எதிரே ஒரு ஸ்டாண்ட் முழுக்கச் சாம்பல் சட்டைகள், ஒரே கூச்சல், நடுவில் நெட்டையனின் தலை எல்லாருக்கும் மேலே தெரிந்தது. அவனுக்கும் ஓசியில் ஒன்று கிடைத்திருக்கிறது.

விளக்குகள் அணைந்தன. சுற்றிலும் போன் லைட்டுகள் எழுந்தன. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்த அறிவிப்பாளர் கடைசியில் குரலை உயர்த்தி, "ஒன்பதாம் எண், நம்ம சுத்தியல்!" என்று இழுத்தார். சுத்தியல் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். நன்றி சொல்லப் போகிறான் போல. எதிர் ஸ்டாண்ட் ஆர்ப்பரித்துக்கொண்டு எழுந்து, ஒரே ஆளாகத் திரும்பி நின்றது.

ஸ்டாண்ட் முழுக்க வெள்ளை நெருப்பாக எழுத்துகள் பற்றிக்கொண்டன.

இப்போ தெரியுதா? இப்போ தெரியுதா? வரிசைக்கு மேல் வரிசை, கடைசி வரை அதே கேள்வி. இவளைச் சுற்றி இருந்தவர்களின் கைதட்டல் பாதியில் நின்றது. யாரோ ஒரு பெண் அதைச் சத்தமாகப் படித்தாள். பின்னால் ஒருவர், "என்னய்யா இது, தெரியலன்னுதானே சொன்னான்?" என்றார். முதுகைக் காட்டி நின்றவர்களுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. ஹால் ஏன் அமைதியாகிவிட்டது என்று தெரியாமல் இன்னும் விறைப்பாக நின்றார்கள். நெட்டையன் தோளைக்கூட விரித்துக் காட்டினான்.

கேமராக்காரர் தன் கேமரா மேல் இருந்த விளக்கோடு அந்தப் பக்கம் திரும்பினார். பெரிய திரையில் அது விழுந்தது. சுத்தியல் திரையைப் பார்த்தான். எதிரே வரும் கார் லைட் கண்ணில் அடித்தவன் மாதிரி, ஒரு கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டான். மைக் வாயருகே இருந்தது. அதில் அவன் மூச்சு மட்டும் ஹால் முழுக்கக் கேட்டது. மைக்கைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனவன், அன்றைக்கு ஆட வெளியே வரவில்லை.

இவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஹால் விளக்கு வந்த பிறகும் உட்காரவில்லை. "படிச்சுட்டான்" என்றாள் நாத்தனாரிடம். "நல்லா படிச்சுட்டான்."

மறுநாள் காலை கடை வாசலில் நெட்டையன் நின்றான், கையில் அதே பழைய பை. "அக்கா, உரிக்கணும்னு இல்ல, ஒட்டணும்னும் இல்ல. சும்மா வந்தேன்" என்று முழுங்கினான். அவள் பதில் சொல்வதற்குள் ஒரு கார் வந்து கிறீச்சிட்டு நின்றது. மேனேஜர் ஒரு சட்டையைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்க அண்ணன்? கூப்பிடுங்க அவரை! யாரைக் கேட்டு இதை ஒட்டினீங்க?"

அவள் மெஷினை விட்டு நகரவில்லை. "ஏங்க, அச்சு சரியா விழலையா? அந்த ஃபிலிம் சில நேரம் மங்கலாத்தான் தெரியும்."

"மங்கலாவா? நான் எதிர் ஸ்டாண்ட்ல கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். அங்கேருந்து எழுத்தெழுத்தாப் படிச்சேன்! மானம் கப்பலேறிப் போச்சு!"

"ஹால்ல லைட் எரிஞ்சிருக்கும்."

"எங்க எரிஞ்சுது? கும்மிருட்டு! கையில ஆளுக்கு ஒரு போன் லைட்டு, அவ்வளவுதான்!"

"அந்தப் போன் லைட்டுலயா அவ்ளோ தூரம் தெரிஞ்சுது?"

"கண்ணே கூசுச்சுங்க்கா!"

அவள் மெஷினை அணைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்து அவர் எதிரே நின்றாள்.

"அண்ணனைக் கேட்டீங்கல்ல. அவர் வர மாட்டார். டிவில நீங்க சொன்னீங்களே, அந்த இருட்டுல யாரா இருந்தாலும் தெரிஞ்சிருக்காதுன்னு. அந்த ஸ்கூட்டர்காரர் அவர்தான். முதுகுல இதே ஃபிலிம்தான் ஒட்டியிருந்தார், ஒரு சாண் அகலத்துக்கு. போன் லைட்டுக்கே உங்க கண்ணு கூசுச்சுன்னா, கார் லைட்டுக்கு எப்படி இருந்திருக்கும்?"

மேனேஜரின் கையிலிருந்து சட்டை நழுவி மேசைமேல் விழுந்தது. வாசலைப் பார்த்தார், அங்கே நாத்தனார் வந்து நின்றிருந்தாள்.

"நானும் கேட்டேன்க்கா" என்றான் நெட்டையன் ஆவேசமாக. "அவர் சொன்னதை நான் கேட்டேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"நீ சும்மா இரு. நாளைக்கு நீ வேற மாதிரி சொல்லுவ" என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமலே. மேசைமேல் கிடந்த சட்டையை எடுத்து நீவி மடித்து, மேனேஜரின் கையில் திணித்தாள்.

"சாட்சி சொல்லக் கூப்பிட்டு உங்களுக்குக் கோர்ட்லேருந்து ஆள் வரும். புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். இப்போ இங்க வந்து கத்தினீங்களே, அதையே அங்கயும் வந்து கத்துங்க."